அரைச் சுற்று

எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போனது என் அம்மாவின் யோசனை. நான் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்துக் கடைக்காரி, நாலு பேரைப் பார்த்துப் பழகியவள், ஆள் எப்படியென்று சொல்லிவிடுவாள் என்று அம்மா நினைத்தாள். பெண் வீட்டில் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. கேசரி தின்றோம், காப்பி குடித்தோம், எனக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா, “என்னம்மா சொல்ற?” என்று கேட்டாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “ஒருக்காத்தானுங்க பாத்திருக்கறோம். இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றாள்.

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தோம். அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் அவளாகவே போய்விட்டாள். அதுவும் காலையில், துணி துவைக்கிற நேரத்தில், வீட்டின் பின்பக்கமாக. பெண் நைட்டியோடு, கையெல்லாம் சோப்பு நுரையோடு, தம்பியை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாளாம். அக்கா ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, “செரியா இருக்குதுங் தம்பி. கட்டிக்குங்க” என்றாள். கட்டிக்கொண்டேன். என் மனைவி மட்டும் அந்த ஒரு சொம்புத் தண்ணீரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரன். தறியில் உட்கார மாட்டேன் என்று வீம்பு பிடித்து, சங்ககிரியில் ஒரு டயர் ரீட்ரேடிங் கடையில் பில் போடப் போனவன். கடைக்கு அடுத்த தகரக் கொட்டகை அக்காவுடையது. லாரிகளுக்கு அலைன்மென்ட் பார்ப்பதுதான் அவர்கள் தொழில். லாரியின் பின் அச்சு முன் அச்சுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் தின்னும், ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டியே டிரைவருக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். அந்தக் காலத்தில் எல்லோரும் நூல் பிடித்துத்தான் பார்ப்பார்கள். பின் சக்கரத்தை ஒட்டி நூலை இழுத்து, முன் சக்கரத்துக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேலால் அளப்பார்கள். ஒரு முனையில் அவள் வீட்டுக்காரர். மறுமுனையில் அவள்.

ஒரு தடவை அளந்தால் போதாது என்பது அவர்கள் கட்சி. சக்கரத்தின் ரிம் நெளிந்திருந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, அரைச் சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் அளக்க வேண்டும். பின் அச்சே நகர்ந்திருந்தால் இரண்டு தடவையும் தப்பு ஒரே பக்கம் காட்டும். ரிம்மில் நெளிவு என்றால், முதலில் இந்தப் பக்கம் காட்டிய தப்பு இரண்டாவது தடவை அந்தப் பக்கம் காட்டும். அப்படியென்றால் அச்சு நேராகத்தான் இருக்கிறது, ரிம்மை மாற்றினால் போதும். சுற்றுவட்டாரத்தில் முக்கால்வாசிப் பேர் இந்த அரைச் சுற்றை விட்டுவிடுவார்கள். லோடு காத்திருக்கும், முதலாளி போனில் கத்துவார், யாருக்குப் பொறுமை? அக்கா மட்டும் விட்டதில்லை.

இந்தப் பழக்கம் வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தக்காளியைக் கையில் எடுத்தால் திருப்பிப் பார்ப்பாள். “சாப்ட்டீங்களா தம்பி?” என்பாள். சாப்பிட்டேன் என்றால் போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “நெசமாலுமே சாப்ட்டீங்களா?” என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பொய் சொல்லியிருந்தால் இரண்டாவது தடவை மாட்டிக்கொள்வேன், அது வேறு விஷயம்.

அவள் வீட்டுக்காரர் நெஞ்சுவலி வந்து சேலத்து ஆஸ்பத்திரியில் இறந்தபோது நானும் உடனிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, முடிந்துவிட்டது என்று சொன்னார். கூட வந்த பெண்கள் கத்தினார்கள். அவள் கத்தவில்லை. “இன்னொருக்கா பாருங்க சார்” என்றாள். டாக்டர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் உள்ளே போய் ஸ்டெதஸ்கோப்பை மறுபடியும் வைத்துப் பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் மேல் எவ்வளவு ஆசை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆசைதான். இருந்தாலும் அன்று எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கொட்டகையை மூடிவிடுவாள் என்றுதான் நினைத்தோம். மூடவில்லை. ஆனால் நூலுக்கு இரண்டு முனை, ஆள் ஒருத்தி. கூலிக்கு வந்தவர்கள் நூலைத் தொய்வாகப் பிடித்தார்கள், ஒரு கையில் போனைப் பார்த்தார்கள். அவள் பையனுக்கு அந்த வேலையில் மனமில்லை. அவனுக்கு வண்டி ஓட்ட வேண்டும். லைசென்ஸ் எடுத்துக் கிளம்பிவிட்டான்.

தேர்த் திருவிழாக் கடையில் பிள்ளைகள் விளையாட வாங்குகிற சிவப்பு லேசர் லைட் ஒன்றை ஒரு நாள் வாங்கி வந்தாள். வீட்டுக்காரரின் பழைய மூணு கட்டை டார்ச் லைட்டைப் பிரித்து, கண்ணாடியையும் பல்பையும் கழற்றிவிட்டு, அந்த லேசரின் குழலை டார்ச்சின் வாய்க்குள் வைத்தாள். சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி இறுக்கினாள். சுற்றிலும் மூன்று சின்ன ஸ்க்ரூ. லேசருக்குள் இருந்தது மூன்று பொத்தான் பேட்டரி, டார்ச்சுக்கும் மூன்று கட்டை, எல்லாம் ஒரே கணக்குத்தான் என்றாள்.

வெளிச்சம் வந்துவிட்டது. அது டார்ச்சின் நடுவாக, நேராகப் போகிறதா என்பதுதான் பாடு. ஒரு இரும்பு ஆங்கிளை மல்லாத்தி வைத்து, அதன் பள்ளத்தில் டார்ச்சைப் படுக்கவைத்து உருட்டினாள். எங்கள் கடைச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. டார்ச் உருள உருளப் புள்ளி சுவரில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வட்டம் போட்டது. ஒரு ஸ்க்ரூவை இறுக்கினாள், இன்னொன்றைத் தளர்த்தினாள், மறுபடி உருட்டினாள். வேலையில்லாத நேரமெல்லாம் இதே வேலை. எங்கள் முதலாளி, “என்ற செவுத்துல என்னய்யா பண்றா அந்தம்மா?” என்று என்னைத்தான் பிடித்துத் திட்டினார். வட்டம் வளையல் அளவானது, மோதிர அளவானது.

“துப்பாக்கிக்கு வைக்கிற மாதிரி இருக்குதுக்கா. யாரச் சுடப்போறீங்க?” என்று கிண்டல் செய்தேன்.

“நூலு புடிக்கறதுக்கு ஆளில்லீங் தம்பி. இதுக்குக் கை நடுங்காது. போனும் பேசாது.”

ஒரு நாள் புள்ளி நின்றுவிட்டது. உருட்டினாலும் சுவரில் இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டார்ச்சைத் தலைமாற்றி வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்து இன்னொரு தடவை உருட்டிய பிறகுதான் சிரிப்பை முடித்தாள்.

அதற்கு ஒரு தாங்கி செய்து பின் சக்கரத்தின் ரிம்மில் மாட்டினாள். வண்டிக்கு முன்னால் கோடு போட்ட பலகை. புள்ளி நடுக்கோட்டில் விழுந்தால் நேர். பகலில் புள்ளி தெரிய வேண்டுமென்று கொட்டகை முழுக்கத் தார்ப்பாய் கட்டினாள். பிறகு அவள் பெயரே லைட்டுக்காரம்மா ஆகிவிட்டது. லைட் வந்தும் அரைச் சுற்றை விடவில்லை. ஒரு டிரைவர், “எல்லாஞ் செரியா இருக்குதுன்னு சொல்லி அனுப்புங்கக்கா, லோடு ஏத்தோணும்” என்று கெஞ்சி, பிறகு கெட்ட வார்த்தைக்கு வந்துவிட்டான். அவள் வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “என்னெ எத்தன வேணாலும் பேசிக்குங்க. இன்னொருக்கா பாக்காம உடமாட்டனுங்க.”

இந்த அம்மாவிடம் வளர்வது எப்படியிருக்கும் என்று அவள் பையனிடம் ஒருமுறை கேட்டேன். நல்ல பையன், சிரித்த முகம். “எதச் சொன்னாலும் ரெண்டு தடவ கேப்பாங்கண்ணா. ரெண்டு தடவயும் ஒரே மாதிரி சொல்லீட்டா உட்ருவாங்க” என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

நாமகிரிப்பேட்டை தாண்டி ஒரு பஸ் ஸ்டாப். காலை நேரம், நல்ல வெளிச்சம், வளைவில்லாத ரோடு. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி, ஓரத்துக் கல்லில் பின் சக்கரம் ஏறி, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணை அடித்துவிட்டுப் புளியமரத்தில் முட்டி நின்றது. மில் வேலைக்குப் போகிற பெண். சோறு கொண்டுபோன தூக்குப்போசி தனியாகக் கிடந்ததாம். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. லாரியை ஓட்டியவன் அக்காவின் மகன்.

ஜாமீனில் வந்தவனை அவள் கேட்டாள். “தூங்கிட்டயா சாமி?”

“இல்லம்மா. வண்டி எடது பக்கம் இழுத்துருச்சு. புடிச்சேன், நிக்கல.”

பொழுது சாய்ந்ததும் மறுபடியும் கேட்டாள். அவன் அதையே சொன்னான். அவள் நம்பிவிட்டாள்.

நம்பியதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த லாரிக்குப் பின் அச்சு பார்த்துக் கொடுத்தது அவளேதான். ஸ்பிரிங் பட்டையில் அச்சை நகராமல் பிடித்து வைக்கிற சென்டர் போல்ட் உடைந்து வந்த வண்டி. போல்ட் மாற்றி, அச்சை நேராக்கி, அரைச் சுற்றும் சுற்றிப் பார்த்து அவள் கையால் அனுப்பிய வண்டி. அது இழுத்தது உண்மையென்றால் தப்பு அவள் வேலையில். அவள் வேலை சரியென்றால் மகன் பொய் சொல்கிறான், தூங்கிக்கொண்டே ஒரு பெண்ணின் மேல் வண்டியை ஏற்றியிருக்கிறான். இரண்டில் ஒன்றுதான். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பார்த்துச் சரி என்று எழுதிவிட்டார். பின் அச்சின் நேரை யாரும் பார்க்கவில்லை. தன் வேலை தப்பாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்ட ஒரு ஆளை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சங்ககிரி மலையடிவாரத்தில் சூடம் ஏற்றிவிட்டு வந்து, “என்ற கைதான் தப்புப் பண்ணியிருக்கோணுங் தம்பி” என்றாள்.

இறந்த பெண்ணின் காரியத்துக்குக்கூடப் போய்விட்டு வந்தாள். அடிப்பார்கள், போகாதீர்கள் என்று எல்லோரும் தடுத்தோம். அந்தப் பெண்ணின் அம்மா காலில் விழுந்து, “வண்டிய நேர் பண்ணுனது நானுங்க. என்ற தப்புங்க. வெய்யறதுன்னா என்னெ வெய்யுங்க” என்று சொன்னாளாம். அந்தம்மா திட்டவில்லை. தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாளாம்.

போலீஸ் விட்ட பிறகு, பட்டறைக்குப் போகும் முன் லாரியை இழுத்து வந்து அவள் கொட்டகையில் நிறுத்தினார்கள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. பின்பக்கம் வண்டியில் ஒரு கீறல் இல்லை. லாரி முதலாளி, அக்காவின் அண்ணன், பையன், நான் என்று நாலு பேர் நின்றோம். தார்ப்பாயை இறக்கிவிட்டாள். உள்ளே இருட்டு, கிரீஸ் வாசம். இடது பின் சக்கரத்தில் டார்ச்சை மாட்டினாள். பலகையை வைத்தாள். ஸ்விட்சைப் போட்டாள்.

புள்ளி நடுக்கோட்டை விட்டு ஒரு விரல் தள்ளி, இடது பக்கம் விழுந்தது.

அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. “பாத்தீங்களா? எடது பக்கம்! நான்தான்... நான்தான் செரியாப் பாக்கல” என்றாள். கண்ணில் தண்ணீர் வழிய மகனின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நீ சொன்னது நெசம் சாமி. என்ற தப்பு. என்ற தப்பு சாமி.” பையன் அழுதான். அண்ணன் அவசர அவசரமாகப் போனில் படம் எடுத்தார். லாரி முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. நான் அவளுக்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

அவள் ஜாக்கியை எடுத்தாள்.

“எதுக்கு? அதான் பாத்தாச்சில்ல” என்றார் அண்ணன்.

“இருண்ணா. இன்னொருக்கா.”

“ஏம்மா, வேண்டாம்மா” என்றான் பையன். அந்தக் குரலை நான் அப்போது சரியாகக் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை. சிரித்த முகத்தோடு ஜாக்கியை மிதித்துச் சக்கரத்தைத் தூக்கினாள். கையால் தள்ளி அரைச் சுற்று சுற்றினாள். டார்ச்சை நிமிர்த்தி மாட்டினாள்.

புள்ளி நடுக்கோட்டைத் தாண்டி, அதே ஒரு விரல், வலது பக்கம் விழுந்தது.

ரோட்டோரக் கல்லில் ஏறியபோது ரிம் நெளிந்திருக்கிறது. அவ்வளவுதான். அச்சில் ஒன்றுமில்லை. அவள் எழுந்து வலது பக்கச் சக்கரத்துக்குப் போய் அங்கேயும் மாட்டினாள், அங்கேயும் சுற்றினாள். இரண்டு தடவையும் புள்ளி கோட்டின் மேலேயே விழுந்தது. அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

“தூங்கிட்டயா சாமி?”

பையன் சக்கரத்தில் சாய்ந்து குந்திவிட்டான். “கண்ணு அசந்துருச்சும்மா. ஒரே ஒரு நிமிசம்.”

அண்ணன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் படம் போதும், இரண்டாவதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் லாரி முதலாளி பார்த்திருந்தார். கடைசியில் பையனே கோர்ட்டில் ஒப்புக்கொண்டான். அன்று சாயங்காலமே மாமன் வீட்டுக்குப் போனவன் அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. தீர்ப்பாகி உள்ளே போன பிறகு, சிறைக்கு அவள் போனபோதெல்லாம் பார்க்க வர மறுத்துவிட்டான். “பெத்த பையன நம்பாம சக்கரத்தச் சுத்திப் பாத்தவ” என்று மாமனிடம் சொல்லி அனுப்பினானாம். ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். இவள் எல்லாம் தாயா என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். நான் சண்டைக்குப் போனேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. முதல் புள்ளியோடு விட்டிருக்கலாமே?

கொஞ்ச நாள் கழித்து, “என்றகூட நாமகிரிப்பேட்டை வரைக்கும் வாரீங்களா தம்பி?” என்று கேட்டாள். போனோம். இறந்த பெண்ணின் அம்மா வாசலில் மஞ்சள் காயவைத்துக்கொண்டிருந்தாள். அக்காவை அடையாளம் கண்டு பாய் எடுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை.

“அன்னிக்கு வந்து பொய் சொல்லீட்டனுங்க. தெரியாமச் சொன்னது. வண்டி மேல தப்பில்லீங்க. என்ற பையன் தூங்கிட்டானுங்க” என்றாள்.

அந்தம்மா கையிலிருந்த மஞ்சளைக் கீழே போடாமல் நின்றாள்.

“இரும்புதான, அதுக்கென்ன தெரியும், எம்புள்ள விதின்னு மனசத் தேத்திக் கெடந்தேன். அத ஏம்மா வந்து கெடுக்கற? உம்மவன் கோர்ட்டுல என்னமோ சொன்னான்னாங்க. நான் காதுல போட்டுக்கல. நீ சொன்னதத்தான் நம்பிக் கெடந்தேன்.” குரல் உயரவே இல்லை. “இனி ராவும் பகலும் உம்மவன் மொகந்தான் எனக்குத் தெரியும். போயிரு. இனி வராத.”

திரும்பி வரும்போது பஸ் ராசிபுரத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு அக்கா மேல் கோபமாக இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது. கேட்டேவிட்டேன்.

“ஏங்க்கா சுத்துனீங்க? அன்னிக்கு ஒரு நாளாவது பையன நம்பியிருக்கலாமில்ல?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

“நம்பாம சுத்தலீங் தம்பி. அவன் சொன்னது நெசம்னு எனக்கு அத்தன நிச்சயமா இருந்துச்சு. என்ற தப்புத்தான்னு இன்னொருக்கா கண்ணால பாத்துக்கோணும்னு ஆசையா இருந்துச்சுங்க. அந்தச் சந்தோசத்துலதான் சுத்துனேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இத அவங்கிட்ட ஒருக்காச் சொல்லீரலாம்னு போறேன். வெளிய வரமாட்டீங்கறான்.”